பந்தியில இருந்து எழுப்பாதீங்க

ஞாயித்துக்கிழமை கோவளம் முகத்துவாரத்துல நடந்ததைப் பத்தி இனி பேச வேண்டாம்னுதான் இருந்தேன். பறவைப் படம் எடுக்கறவங்க குரூப்ல, பறவைக் கூட்டம் மொத்தமா எழும்பற அந்தப் படத்துக்குக் கீழே "என்ன டைமிங் ப்ரோ!"ன்னு வரிசையா வந்து விழுந்ததைப் பார்த்ததும் முடியல.

டைமிங்காம். பக்கத்துல நின்னவன் சொல்றேன். ஒருத்தர் லென்ஸோட முட்டி போட்டுத் தயாரா இருக்கார். இன்னொருத்தர் செருப்பைக் கழட்டி ரெண்டு கையிலயும் வச்சு பட்டு பட்டுனு தட்டிக்கிட்டே பறவைக் கூட்டத்துக்குள்ள ஓடறார். மொத்தக் கூட்டமும் ஒண்ணா எழும்பினா, கண்ணை மூடிக்கிட்டு க்ளிக் பண்ணாலும் டைமிங்தான்.

அதுங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சுங்க. என் பிரச்சினை அவ்வளவுதான்.

அதுல கொசு உள்ளான்னு ஒரு குட்டிக் கரைப்பறவை, 30 கிராம் தேறாது, எலுமிச்சம்பழம்கூட அதைவிட கனம். முட்டை வைக்கிறது ஆர்க்டிக் ஓரத்துல. தண்ணி வத்திச் சேறு தெரியற நேரத்துல நம்ம கரையில தின்னு கொழுப்பு ஏத்தினாத்தான் திரும்பிப் போக முடியும். 2022-ல மூக்கன்ங்கிற இன்னொரு கரைப்பறவை அலாஸ்காவுல இருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கி.மீ., 11 நாள், எங்கயும் இறங்காம பறந்துச்சே, அந்தச் செய்தியை ஷேர் பண்ணிப் புல்லரிச்சதும் இதே ஆளுங்கதான். அதுக்கெல்லாம் பெட்ரோல் எங்க போடறாங்கன்னு நினைச்சீங்க? பந்தியில உட்கார்ந்தவனை இலையோட எழுப்பறதுக்கு நம்ம ஊர்ல என்ன பேர்?

"நீ மட்டும் யோக்கியமா?" இல்ல. பழவேற்காட்டுல ஒரு மே மாசம், மணல்ல ஆலா முட்டை. நான் நெருங்கி நிக்க நிக்க தாய்ப்பறவை தலைக்கு மேல பாய்ஞ்சு பாய்ஞ்சு கத்துது. எனக்கோ ஆக்‌ஷன் ஷாட் கிடைச்ச சந்தோஷம். வலை தைச்சுக்கிட்டு இருந்த பெரியவர் தலையைக்கூடத் தூக்காம சொன்னார்: "நீ நிக்கிற வரைக்கும் அது வந்து உக்காராது தம்பி. வெயில்ல முட்டை வெந்துரும்." அந்தப் படம் இன்னும் ஹார்டு டிஸ்க்ல இருக்கு. திறக்கறதில்ல.

"நாய் துரத்தலையா?" துரத்துது. நாய் அதைப் போட்டு லைக் கேக்கல. "மீனவங்க நடக்கலையா?" அவங்க வேலைக்குப் போறாங்க சார், பறவை ரெண்டடி ஒதுங்கி மறுபடி கொத்த ஆரம்பிக்குது. "கழிவுநீரைக் கேளு, கட்டடத்தைக் கேளு." சரி, கேக்கறேன். அதுவரைக்கும் செருப்பைக் கால்ல போடுங்க.

இதைச் சொன்னதுக்குத்தான் எனக்குப் பொறாமையாம், பெரிய லென்ஸ் வாங்க வக்கில்லாதவனாம். ஆமாங்க, என்னோடது மாசத் தவணை, இன்னும் நாலு பாக்கி. அட்மின் என்னை மியூட் பண்ணதுகூடப் பரவாயில்ல. செருப்பு தட்டினவரை அந்தக் கரைக்கு முதல்ல கூட்டிட்டுப் போனதே நான்தான். "அசையாம படுங்க, அதுவே மேய்ஞ்சுக்கிட்டு உங்ககிட்ட வரும்"னு சொல்லிக் குடுத்தேன். வந்துச்சு, கை நீட்டினா தொடற தூரத்துல. மூச்சை அடக்கிக்கிட்டுக் கிடந்தார் மனுஷன். அன்னிக்கு ஈரமணல்ல விரிச்சுப் படுக்க என் துண்டைத்தான் குடுத்தேன்.

இன்னும் திருப்பித் தரல.