புரட்டாசியில் விதைத்ததற்கு ஐப்பசியில் தவணையா?

சனிக்கிழமை நடந்த குறுங்கடன் விழாவின் (அடமானம் இல்லாமல் பெண்கள் குழுக்களுக்குத் தரும் சிறு கடன்தான் குறுங்கடன்) காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் மறுபடியும் பகிரவில்லை. கடனால் தன் வெள்ளாமை தேறியதைச் சொல்லிக்கொண்டிருந்த அந்த அக்கா, "ஆனால் இந்தத் தவணை மட்டும்" என்று ஆரம்பித்ததும் விழா நடத்தியவர்கள் ஒலிவாங்கியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, கைதட்டச் சொன்னார்கள். கூட்டமும் தட்டியது. அதைவிட எரிச்சல், அந்தக் காணொளியின் கீழே இரண்டு நாள்களாக நடக்கும் சண்டை. குறுங்கடன் என்றாலே கொள்ளை என்று பாதிப் பேர். அந்த அக்கா நன்றி கெட்டவர் என்று மீதிப் பேர். அவர் சொல்ல வந்தது இரண்டுமே அல்ல என்றுதான் நான் நினைக்கிறேன். வெள்ளாமைக்குக் கொடுத்த கடனை வெள்ளாமை வீடு வந்த பிறகு கேளுங்கள், அவ்வளவுதான்.

ராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிபட்டினத்துக்கு மேற்கே எங்கள் பக்கத்தில் குண்டு மிளகாய் மழையை நம்பிய பயிர். புரட்டாசியில் விதைத்தால் முதல் பழம் பறிக்க மாசி ஆகிவிடும். பிறகு வைகாசி வரை விட்டுவிட்டுப் பறிப்பார்கள். இடைப்பட்ட மாதங்களில் களையெடுப்புக்கும் உரத்துக்கும் பணம் போகுமே தவிர, வராது. ஆனால் கடன் கைக்கு வந்த சில நாள்களிலேயே வாரத் தவணை வசூலுக்கு ஆள் வந்துவிடுவார். (வருகிற தம்பியைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் மேலே ஒருவர் இலக்கு வைத்திருப்பார்.)

என் அம்மா 2020 புரட்டாசியில் குழுவில் 30,000 ரூபாய் வாங்கினார். அந்தக் கடன் செய்த நன்மையை நான் மறைக்கப்போவதில்லை. அதுவரை விதைக்கும் உரத்துக்கும் கமிஷன் கடையில்தான் முன்பணம். வாங்கிய கடைக்கே வத்தலைப் போட வேண்டும், அவர்கள் சொல்வதே விலை. அந்த ஆண்டுதான் முதன்முறையாக யாரிடமும் முன்பணம் வாங்காமல் விதைத்தார். இரண்டு தார்ப்பாயும் வாங்கினார். மண் களத்தில் காய்ந்த வத்தலுக்கும் தார்ப்பாயில் காய்ந்த வத்தலுக்கும் பார்த்தவுடனே வித்தியாசம் தெரியும், நிறத்துக்குத்தான் விலை. கூலிக்குப் போயும் இரண்டு வெள்ளாடுகளை விற்றும் மார்கழி வரை தவணை கட்டினார். 2021 ஜனவரியில், பெய்யக்கூடாத நேரத்தில் மழை கொட்டி வயலில் தண்ணீர் நின்றது. தவணை நிற்கவில்லை. ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும். பக்கத்து வீட்டு மதினி முன்னால் தலைகுனிந்து நிற்க முடியாமல் அம்மா மறுபடியும் கமிஷன் கடைப் படியேறினார். எந்தக் கடையிலிருந்து அவரை மீட்டதோ, அந்தக் கடைக்கே கடனின் தவணை அவரைத் திரும்ப அனுப்பியது.

வாரத் தவணைதான் ஒழுக்கத்தைக் கற்றுத்தரும் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். கூடவே குறுங்கடனுக்கு முன்னோடியான வங்கதேசத்து முகமது யூனுஸ், 1983இல் கிராமீன் வங்கி, 2006இல் நோபல் அமைதிப் பரிசு என்று எனக்குப் பாடமும் எடுக்கிறார்கள். இட்லிக் கடைக்கும் கறவை மாட்டுக்கும் கருவாட்டு வியாபாரத்துக்கும் வாரத் தவணை பொருந்தும், அங்கே வாரா வாரம் காசு புரளும். மிளகாய்ச் செடிக்கு ஒழுக்கம் கற்றுத்தர உங்களால் முடியுமானால் செய்யுங்கள்.

விவசாயிகளுக்கு வங்கிகள் பயிர்க்கடன் தரும் கிசான் கடன் அட்டை இருக்கிறதே என்பவர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அது 1998 முதல் இருக்கிறது. எங்கள் நிலத்தின் பட்டாவும் அதற்கு முன்பிருந்தே தாத்தா பெயரில்தான் இருக்கிறது. உழைப்பவர் அம்மா. பட்டா உள்ளவர் வாங்கும் பயிர்க்கடனுக்கு, அறுவடையும் விற்பனையும் முடியும் காலத்தைக் கணக்கிட்டுத்தான் கெடு வைக்கிறார்கள்; குறுகிய காலப் பயிர் என்றால் இரண்டு பருவம் நிலுவையில் நின்ற பிறகே வாராக்கடன் என்கிறது ரிசர்வ் வங்கி. ஆக, பயிர் எப்போது விளையும் என்பது வங்கிகளுக்கு நன்றாகவே தெரியும். பட்டா இல்லாத பெண் விதைக்கும்போது மட்டும் அது மறந்துபோகிறது. கடன் பெறுபவரின் தேவைக்கேற்பத் தவணைக் கால இடைவெளியை மாற்றித்தர ஒவ்வொரு நிறுவனமும் கொள்கை வகுக்க வேண்டும் என்று குறுங்கடனுக்கான 2022 விதிகளிலேயே இருக்கிறது. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

கடன் வாங்கிச் சேலை எடுக்கிறார்கள் என்றும் ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். ஆமாம் ஐயா, என் அம்மாவும் சித்தி மகள் கல்யாணத்துக்கு 400 ரூபாய்க்கு ஒரு சேலை எடுத்தார். விசாரணைக் கமிஷன் வையுங்கள்.

2023இல் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் பெருமையாகப் பகிர்ந்தோம், நானும்தான். பழம் பறித்த நாளில் அம்மா எனக்குச் சோறு ஊட்டமாட்டார், எத்தனை முறை கழுவினாலும் விரலில் காரம் போகாது என்பதால். ஒலிவாங்கியைப் பிடித்திருந்ததும் அப்படிப்பட்ட ஒரு கைதான். அதிலிருந்து பிடுங்கும்போது, விழா நடத்திய உங்களில் ஒருவருக்குக்கூடவா உறுத்தவில்லை?

எங்கள் குழு இந்தப் பருவத்துக்குப் புதிய கடன் கேட்டு எழுதியிருக்கிறது. முதல் தவணையை மாசிக்குப் பிறகு வையுங்கள் என்று அம்மா தன் கையாலேயே விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். படிவத்தில் அதற்கு இடம் இல்லை என்று நேற்றுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.