பெட்டியில் பணம், நோட்டில் சிரிப்பு

"ஒரு லட்சம் பவுண்டைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தால் அது எப்படி இருக்கும்?" என்று நீதிபதி கேட்டார். "நோட்டெல்லாம் ரொம்ப லேசுதான், மை லார்டு" என்று பதில் வந்தது.

1989 கோடைக்காலம், லிவர்பூல் கிரவுன் நீதிமன்றம். வரி ஏய்ப்பு வழக்கில் அந்தப் பதிலைச் சொன்னவர் இங்கிலாந்துக் காமெடியன் கென் டாட். அப்போது அவருக்கு 61 வயது. தூக்கிய பல், கரண்ட் அடித்த மாதிரி சிலிர்த்து நிற்கும் முடி, கையில் கலர் கலராக இறகு கட்டிய ஒரு குச்சி. இங்கிலாந்தில் அந்த உருவத்தைத் தெரியாத வீடு அன்றைக்கு இருந்திருக்காது.

அவர் வீட்டில் ரொக்கமாக மட்டும் 3,36,000 பவுண்டு வைத்திருந்தார். வரி குறைவான மேன் தீவிலும் ஜெர்சித் தீவிலும் வங்கிக் கணக்குகள் வேறு. அரசுத் தரப்பு வக்கீல் பிரையன் லெவிசன். பிற்காலத்தில் பத்திரிகைகளின் போன் ஒட்டுக்கேட்பு விவகாரத்தை விசாரித்த அதே லெவிசன்தான். டாட்டுக்காக வாதாடியவர் ஜார்ஜ் கார்மன். "கணக்கர்களில் சிலர் காமெடியன்களாக இருக்கலாம், காமெடியன்கள் ஒருநாளும் கணக்கர்களாக இருக்க முடியாது" என்று கார்மன் சொன்னது இன்றுவரை புழங்குகிற வசனம். ஜூரி அத்தனை குற்றச்சாட்டிலிருந்தும் டாட்டை விடுவித்தது.

டாட்டைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அவரை இரண்டு ஆளாகப் பிரித்துவிடுகிறார்கள். மேடையில் வாரி வாரிக் கொடுக்கும் கோமாளி ஒருவர், வீட்டில் காசை இறுக்கிப் பிடிக்கும் கஞ்சன் இன்னொருவர். இவர் எப்படி அவராகவும் இருந்தார் என்று ஆச்சரியப்படுவது ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. இரண்டும் ஒரே குணம்தான். காசை வங்கியை நம்பி விடாமல் கையில் வைத்து எண்ணிப் பார்த்த அதே மனுஷன்தான் சிரிப்பையும் எண்ணிப் பார்த்தார்.

அவர் வளர்ந்த விதத்தைப் பார்த்தால் இது புரியும். 1927 நவம்பர் 8-ஆம் தேதி லிவர்பூலின் ஓரத்தில் நாட்டி ஆஷ் என்ற இடத்தில், பழைய பண்ணை வீடு ஒன்றில் பிறந்தார். அப்பா நிலக்கரி வியாபாரி. பையன் பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவோடு கரி மூட்டை வேலைக்குப் போனான். நடுவில் ஒரு சிறுவர் பத்திரிகையில் 'ஆறு பென்னிக்கு ஸ்டாம்ப் அனுப்பினால் வாய் அசையாமல் பேசக் கற்றுத் தருகிறோம்' என்று விளம்பரம் பார்த்து எழுதிப் போட, அப்பா ஒரு பொம்மையும் வாங்கிக் கொடுத்தார். மேடையேற்றம் அப்படித்தான் ஆரம்பம். பிறகு தனியாகத் தொழில்: சட்டி, பானை, பிரஷ், சோப்பு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு லிவர்பூல் குடியிருப்புகளில் வீடு வீடாகக் கதவைத் தட்டி விற்றார். கதவு திறந்த அரை நிமிடத்துக்குள் அந்த வீட்டு அம்மாவைச் சிரிக்க வைக்காவிட்டால் பிரஷ் விற்காது. மேடையில் கடைசிவரை அவர் சபையைப் பார்த்து "அம்மணி, அம்மணி" என்றே பேசிக்கொண்டிருந்தார். கையில் வைத்திருந்த அந்தக் கிச்சுகிச்சுக் குச்சி என்ன? தூசி தட்டுகிற இறகுக் குச்சி. வீட்டுச் சாமான் விற்றவன் கையில் வேறென்ன இருக்கும்! (இந்த முடிச்சு என் சொந்த ஊகம், அவர் தலையில் கட்டாதீர்கள்.)

1954 செப்டம்பரில் நாட்டிங்ஹாம் எம்பயர் அரங்கில் தொழில்முறைக் கலைஞராக முதல் மேடை. அப்போது அவர் வைத்துக்கொண்ட பட்டம் 'பேராசிரியர் யாஃபிள் சக்கபட்டி, ஆப்பரா பாடகர் மற்றும் சாசேஜ் முடிச்சுப் போடுபவர்'. நான்கே வருடத்தில் பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் அவர் பெயர்தான் போஸ்டரில் முதல் பெயர்.

இனி நோட்டுக்கு வருகிறேன். ஒவ்வொரு ஊரிலும் நிகழ்ச்சி முடிந்ததும் எந்த ஜோக் எடுபட்டது, எது படுத்தது என்று எழுதி வைப்பார். வருடக்கணக்காக எழுதி எழுதி, எந்த ஊர்க்காரன் எதற்குச் சிரிப்பான் என்று ஒரு 'சிரிப்பு வரைபடம்' அவரிடம் இருந்தது. ஒரு ஊரில் வெடித்த ஜோக் இருபது மைல் தள்ளி இன்னொரு ஊரில் செத்து விழும் என்பது மேடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை உட்கார்ந்து குறித்து வைத்தவர் எத்தனை பேர்? கிளாஸ்கோ எம்பயர் என்றொரு அரங்கு இருந்தது, இங்கிலாந்துக் காமெடியன்களின் சுடுகாடு என்று பெயர் வாங்கியது. மனோதத்துவ மேதை ஃபிராய்டு நகைச்சுவையைப் பற்றி எழுதிய தத்துவத்தையெல்லாம் சொல்லிவிட்டு, "ஃபிராய்டிடம் ஒரே குறை, ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் சேர்ந்து தோற்ற ராத்திரி அவர் கிளாஸ்கோ எம்பயர் மேடையில் நின்றதில்லை" என்பார் டாட். சும்மா சிரிக்கச் சொன்னதில்லை இது. ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் அந்த ஊரின் இரண்டு பரம வைரி கால்பந்து அணிகள். இரண்டும் தோற்றால் ஊரில் ஒரு மனிதன்கூடச் சந்தோஷமாக இருக்க மாட்டான். எதிரில் உட்கார்ந்திருப்பவன் மத்தியானம் எப்படியிருந்தான் என்பதுவரை கணக்கில் எடுக்கிற தொழிலாளியின் பேச்சு அது.

மூன்றரை மணி நேரத்தில் 1,500 ஜோக் சொன்னார் என்று கின்னஸில் ஏறியவர். நிமிடத்துக்கு ஏழு. வழக்கமான மேடைகளிலோ ஐந்து மணி நேரம் சர்வசாதாரணம். மாலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் நள்ளிரவு தாண்டும். "டிவி இல்லை இது, நீங்கள் என்னை அணைக்க முடியாது, தப்பித்து ஓடினாலும் பின்னாலேயே வந்து உங்கள் வீட்டுத் தபால் துவாரம் வழியாக ஜோக் கத்துவேன்" என்று மிரட்டுவார். சபை கைதட்டும். கடைசி பஸ்ஸை விட்டவர்களும் கைதட்டுவார்கள்.

ஐந்து மணி நேரத்தைப் பலரும் அவருடைய அடங்காத ஆசை என்றோ தற்பெருமை என்றோ எழுதினார்கள். எனக்கு அதில் ஒரு வியாபாரியின் பயம்தான் தெரிகிறது. 'காசு கொடுத்து வந்திருக்கிறான், குறைவாகக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்துவிடுவானோ' என்கிற பயம். பணத்தைப் பற்றிக் கேட்டபோது, தான் கஞ்சன் இல்லை, பணம் என்றாலே பதற்றம், இருந்தாலும் பதற்றம், இல்லாவிட்டாலும் பதற்றம் என்று சொன்னவர் அவர். அந்த வாக்கியத்தில் பணத்தை எடுத்துவிட்டுச் சிரிப்பைப் போட்டுப் படித்துப் பாருங்கள். மேடையில் நின்றவரும் அவரேதான்.

அந்த நீளத்துக்கு இன்னொரு பலன் உண்டு. நான் அவரை நேரில் பார்த்ததில்லை, பதிவுகளில்தான். துண்டு துண்டாகப் பார்த்தால் டாட் ஒன்றுமே இல்லை. நாட்டி ஆஷில் ஜாம் தடவிய ரொட்டியை வெட்டியெடுக்கும் சுரங்கம் இருக்கிறதாம், அதில் குள்ளக் குள்ளமாக டிடி மனிதர்கள் வேலை பார்க்கிறார்களாம். ஒரு நிமிட ரீலில் இது அசட்டுத்தனம். ஆனால் நிமிடத்துக்கு ஏழு என்று ஒரு மணி நேரம் அடிபட்டபின், இது நல்ல ஜோக்கா மட்டமான ஜோக்கா என்று தரம் பிரிக்கிற புத்தி நமக்குள் ஓய்ந்துபோகிறது. அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் சிரிப்பு வருகிறது. அந்த இடத்துக்குச் சபையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவருடைய கலை. அதை ரீலில் அடைக்க முடியாது. நாடக ஆசிரியர் ஜான் ஆஸ்பார்ன் லண்டன் ராயல் கோர்ட் அரங்கின் நடிகர் குழுவையே கூட்டிக்கொண்டு போய், இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று உட்கார வைத்தார். 1971-இல் லிவர்பூல் பிளேஹவுஸில் ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தில் மால்வோலியோ என்ற பாத்திரமாகவும் டாட் நடித்தார். படித்தவர்கள் மெச்சியது அவருக்குப் பிடித்திருக்கும்தான், அதற்காக சாசேஜ் ஜோக்கை அவர் விடவில்லை.

1965-ஐப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டன் பலேடியம் அரங்கில் அவர் நிகழ்ச்சி 42 வாரம் ஓடியது. அதே வருடம் 'டியர்ஸ்' என்று உருக்கமாக ஒரு பாட்டுப் பாடினார். ஐந்து வாரம் முதலிடம், அந்த ஆண்டில் பிரிட்டனில் அதிகம் விற்ற சிங்கிள் இசைத்தட்டு அதுதான். பீட்டில்ஸ் உச்சத்தில் இருந்த வருடம் என்பதை நினைவில் வையுங்கள். அவர்களும் இவர் ஊர்க்காரர்கள்தான்.

1979-இல் லண்டன் சோஹோவில் காமெடி ஸ்டோர் என்ற காமெடி கிளப் திறந்ததும் காற்று மாறியது. அங்கே முதல் தொகுப்பாளர் அலெக்ஸி செயில், அவரும் லிவர்பூல்தான். கறுப்பர், ஆசியர், மாமியார் என்று ஆளை இடித்துப் பிழைத்த பழைய காமெடியன்களைப் புதியவர்கள் துரத்தியடித்தார்கள். அது நடந்தே தீர வேண்டிய காரியம். டாட் மட்டும் தப்பித்தார், காரணம் அவருடைய சரக்கின் பெரும்பகுதி யார்மேலும் விழாத பைத்தியக்காரத்தனம். அரசியலில் அவர் அன்றைய பிரதமர் தாட்சர் பக்கம். தாட்சர் பெயரைச் சொன்னாலே காறித்துப்பிய ஊரில் வாழ்ந்துகொண்டு! அந்த வழக்கு நடந்த காலத்தையும் பாருங்கள். ஏப்ரலில்தான் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசல். அது கடைசியில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேரைக் கொண்டுபோனது. ஊர் அழுது ஓயவில்லை, ஜூலையில் ஜூரி அவரை விடுவிக்கிறது. அந்தப் பன்னிரண்டு பேர் சாட்சியத்தை மட்டும்தான் எடைபோட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு, ஆனால் அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

வெளியே வந்தவர் வழக்கையே சரக்காக்கினார். "இருநூறு வருடத்துக்கு முன் வருமான வரி வந்தபோது பவுண்டுக்கு இரண்டு பென்னி, இப்போதும் அதுதான் என்று நினைத்துவிட்டேன்." வரியை அவரவரே கணக்குப் பார்த்துச் சொல்லும் முறை 90-களில் வந்தபோது, "அதைக் கண்டுபிடித்ததே நான்தான்!"

குடும்பம் என்று சொன்னால், அனிட்டா பூட்டின் என்பவரோடு இருபது வருடத்துக்கு மேல் நிச்சயதார்த்தம் மட்டும். 1977-இல் மூளைக் கட்டியில் அவர் போனார். பிறகு ஆன் ஜோன்ஸ். நாற்பது வருடத்துணை, மேடையிலும் சிபி ஜோன்ஸ் என்ற பெயரில் பாடினார். 2018 மார்ச் 9-ஆம் தேதி, பிறந்த அதே வீட்டில் படுக்கையில் இருந்தபடி டாட் அவரைக் கல்யாணம் செய்துகொண்டார். 11-ஆம் தேதி இறந்தார். விட்டுப்போனது 2.7 கோடி பவுண்டுக்கு மேல். மனைவிக்குப் போகும் சொத்துக்கு அங்கே வாரிசு வரி கிடையாது, மற்றவர்களுக்கு என்றால் 40 சதவீதம். காதலா, வரிக் கணக்கா என்று பத்திரிகைகள் பட்டிமன்றம் நடத்தின. இரண்டும்தான், இதில் என்ன குழப்பம்? நாற்பது வருடம் கூட இருந்தவளுக்குக் கொடுக்க வேண்டியதில் ஒரு பைசா குறையக்கூடாது என்று நினைப்பதும் அன்புதானே. ஆன் அந்தப் பணத்தில் நடத்தும் அறக்கட்டளையின் உதவியோடு இன்று லிவர்பூல் பக்கத்திலுள்ள பிரெஸ்காட்டில் ஷேக்ஸ்பியர் நார்த் பிளேஹவுஸ் அரங்கை ஒட்டி டாட் பெயரில் திறந்தவெளி மேடைத் தோட்டம் இருக்கிறது.

சர் பட்டம் 2017-இல்தான் கிடைத்தது, 89 வயதில். அந்த வருடம் டிசம்பர் 28-ஆம் தேதி லிவர்பூலில் கடைசி நிகழ்ச்சி.

பார்க்க நினைப்பவர்கள் 1994-இல் ஐடிவி-யில் வந்த 'ஆன் ஆடியன்ஸ் வித் கென் டாட்' நிகழ்ச்சியைத் தேடுங்கள். துண்டுகள் வேண்டாம், முழுசாக. ஆரம்பத்தில் பிடிக்காது, எனக்கும் பிடிக்கவில்லை. போனைத் தூர வைத்துவிட்டு உட்காருங்கள். பார்த்தபிறகும் சிரிப்பு வரவில்லை என்றால் கமெண்ட்டில் வந்து திட்டலாம், எந்த ஊர் என்று மட்டும் சேர்த்து எழுதுங்கள்.