முறை தவறாமல் தண்ணீர் விடுங்கள், பிறகு எங்களை அளந்து பாருங்கள்

நுண்ணீர்ப் பாசனக் கருத்தரங்கில் அந்தப் பேச்சாளர் பேசிய காணொளியை நேற்றிலிருந்து பலர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். காவிரி டெல்டாக்காரர்களுக்குத் தண்ணீரின் அருமை தெரியாது, வயலைக் குளமாக்கி வைத்திருப்பார்கள் என்று அவர் சொன்னதைவிட, அதைக் கேட்டு அரங்கம் சிரித்ததுதான் எனக்கு வலித்தது.

வயலில் நாங்கள் தண்ணீரைத் தேக்கி வைப்பது உண்மைதான். வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீர் அடுத்து என்றைக்கு வரும் என்று தெரியாததால் தேக்கி வைக்கிறோம். அந்த மேடையில் இருந்த ஒருவருக்கும் இந்தக் காரணத்தைக் கேட்கத் தோன்றவில்லை.

வயலைக் காயவிட்டு மறுபடி நீர் பாய்ச்சும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' எங்களுக்குத் தெரியாத உத்தியன்று. துளையிட்ட குழாயை வயலில் பதித்து, அதனுள் நீர்மட்டம் மண்ணுக்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகு 5 செ.மீ. உயரத்துக்கு நீர் கட்டினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. சரியாகச் செய்தால் விளைச்சல் குறையாமல் தண்ணீர் கணிசமாக மிச்சமாகும். 2023-இல் குறுகிய கால நெல்லான குறுவைச் சாகுபடியில் நானும் அந்தக் குழாயைப் பதித்தேன். சொன்னபடி மட்டம் இறங்கியது, மடையைத் திறக்கப் போனால் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. முறை வைத்து விடுவதாகச் சொன்ன நாளும் கடந்தது. எங்கள் களிமண் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துவிட்டது. பின்னர் வந்த தண்ணீரை முதலில் அந்த வெடிப்புகள் குடித்தன, மிஞ்சியதுதான் பயிருக்கு. முன்கூட்டியே வரப்பை உயர்த்தி நீர் கட்டி வைத்திருந்த பக்கத்து வயல்காரரின் பயிர் பிழைத்தது. அந்த ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி மேட்டூர் அணையையே மூடிவிட்டார்கள். இனி அந்தப் பக்கத்து வயல்காரரிடம் போய் வயலைக் காயவிடுங்கள் என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியத்தில் சொட்டுநீர்க் கருவி கிடைக்கிறதே என்பீர்கள். நல்ல திட்டம்தான், கிணற்றுப் பாசனத்தில் கரும்பும் வாழையும் வைப்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் சொட்டுநீருக்குத் தண்ணீர் கைவசம் இருக்க வேண்டும். வாய்க்கால் முடியும் எங்கள் கடலோரக் கடைமடையில் நிலத்தடி நீர் உப்பு. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் காவிரிப் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தபோது, டெல்டாவின் நிலத்தடி நீரையும் ஒரு காரணமாகக் காட்டியது. அந்த நிலத்தடி நீரை எங்கள் ஊரில் பயிருக்குப் பாய்ச்ச முடியாது.

இலவச மின்சாரத்தால் மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டுவோர் சிலர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆற்றுத் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கும் என்னிடம் அதைச் சொல்லி என்ன பயன்?

நெல்லை விட்டுவிடு என்று சொல்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை எங்கள் வயலைப் பார்க்க வேண்டும். முழங்கால் அளவு மழைநீர் நிற்கும் அந்த நிலத்தில் வேறு எது விளையும்? தை மாதத்தில் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னதாக, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கும் கதிருக்கிடையே உளுந்தையும் பயறையும் தெளிக்கிறோம். அதற்குத் தனியாக நீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியுமே அதை விளைய வைக்கின்றன. இப்படிப் பயிர் எடுப்பவனைத்தான் தண்ணீரின் அருமை தெரியாதவன் என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள்.

பழுதான ஷட்டரைப் பற்றியும், தண்ணீர் வந்த பிறகு அவசரமாகத் தூர்வாரப்படும் வாய்க்காலைப் பற்றியும், மதகைத் திறந்து மூடும் பணியாளரான லஸ்கர் ஒருவரே பல மதகுகளுக்கு ஓடிக்கொண்டிருப்பதைப் பற்றியும் அந்த மேடையில் ஒரு வார்த்தை இல்லை. வாய்க்காலின் தலைப்பகுதியில் வீணாகும் நீரை யாரும் அளப்பதில்லை, அளவுகோலோடு நேராக என் வரப்புக்கு வருகிறார்கள். படிப்பு குறைந்தவன், எது சொன்னாலும் கேட்டுக்கொள்வான் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

ஒவ்வொரு கிளை வாய்க்காலுக்கும் எந்தத் தேதியில் எத்தனை நாள் தண்ணீர் என்று சாகுபடிக்கு முன்பே எழுதி ஒட்டுங்கள், ஒரு போகம் முழுக்க அதைத் தவறாமல் காப்பாற்றுங்கள். அதன் பிறகும் என் வயலில் தேவைக்கு மேல் தண்ணீர் நின்றால் என்னைக் கேளுங்கள். குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகவே கொடுத்திருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.