காலி சோடா பாட்டில்

வீரவநல்லூரில் அப்பா பெட்டிக்கடை வைத்திருந்தபோது, காலி சோடா பாட்டில்களை எண்ணி கிரேட்டில் அடுக்குவது என் வேலை. கடையிலேயே குடித்துவிட்டுத் தர வேண்டும். வீட்டுக்குக் கொண்டு போனால் பாட்டிலுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். ஒன்றோடொன்று உரசி உரசி பாட்டிலின் தோள் பக்கம் வெள்ளையாக ஒரு வளையம் விழுந்திருக்கும். வளையம் அகலமாக இருந்தால் அந்தப் பாட்டில் பலமுறை கம்பெனிக்குப் போய்க் கழுவி நிரம்பி வந்திருக்கிறது என்று அர்த்தம்.

போன வாரம் வீட்டில் சேர்ந்திருந்த கண்ணாடி பாட்டில்களைச் சாக்கில் கட்டி பழைய இரும்புக் கடைக்குக் கொண்டு போனேன். "கண்ணாடி வேண்டாம் தம்பி, வண்டி வாடகைக்கே கட்டாது" என்றார் கடைக்கார அண்ணாச்சி. அதே மனிதர் நசுங்கிய அலுமினியச் சட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் கணக்கு சரி. பாக்சைட் என்ற தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் எடுக்க ஏறக்குறைய 15 யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தில் 75 வாட் மின்விசிறியை எட்டு நாள் இரவும் பகலும் ஓட்டலாம். பழைய சட்டியை உருக்கினால் அதில் சுமார் 5 சதவீதம் போதும். பழைய பித்தளையைப் போட்டுப் புதுக் குத்துவிளக்கு வாங்கும் நம் வழக்கமும் இந்த வகைதான். உலோகம் எத்தனை முறை உருகினாலும் உலோகம்தான்.

கண்ணாடியும் எத்தனை முறை உருகினாலும் கண்ணாடிதான், ஆனால் உருக்குவதில் மிச்சம் குறைவு. உடைசலைப் போட்டாலும் உலையை 1,500 டிகிரி வரை எரித்தே ஆக வேண்டும். 10 சதவீதம் உடைசல் சேர்த்தால் மிச்சமாகும் எரிபொருள் சுமார் 3 சதவீதம்தான். உருக்காமல் பாட்டிலாகவே கழுவி நிரப்ப வெந்நீரும் சோடாக் காரமும் போதும். ஆனால் கண்ணாடி கனம். அம்பாசமுத்திரத்துக்கும் நெல்லைக்கும் நடுவே சுற்றும்வரை லாபம். பல நூறு மைல் லாரியில் போனால் டீசலே அதைத் தின்றுவிடும்.

அப்புறம் ஷாம்பு பாக்கெட். பிளாஸ்டிக்கையும் அலுமினியத் தாளையும் ஒட்டிச் செய்தது. பிரிக்கச் செலவாகிற அளவுக்கு அதில் சரக்கு கிடையாது. தண்ணீர் பாட்டிலோ பெரும்பாலும் பாலியஸ்டர் நூலாகப் போகிறது, திரும்ப பாட்டிலாவது குறைவு. காகிதத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகிறது. ஐந்து, ஏழு சுற்றுக்கு மேல் தாங்காது. மரமும் தண்ணீரும் மிச்சம்தான், மறுக்கவில்லை. 'மறுசுழற்சி' என்று அச்சடித்திருக்கிறதே என்று நிம்மதியாகத் தூக்கிப் போடுகிறோமே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நம் கல்யாண மண்டபங்களில் இலைக்கு ஒரு குட்டி பாட்டில் வைக்கிறோம். பாதி குடித்ததும் இலையோடு போகிறது.

அடுத்த மாதம் அக்கா மகள் கல்யாணம், அம்பையில். எவர்சில்வர் தம்ளர்தான் என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டோம். கழுவுவதற்கு இரண்டு பேர் கூடுதலாக வருவார்கள், அவர்களுக்கு முழுச் சம்பளம். சோடா கண்ணாடி பாட்டிலில், கிரேட் கணக்கில். காலி பாட்டில் எண்ணும் வேலை என்னுடையது.