தியான் ஹோக் கெங் கோயிலைப் படமெடுக்கச் செல்வோருக்கு

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவிலுள்ள தியான் ஹோக் கெங் சீனக் கோயிலை, உயர்ந்த கட்டடங்களின் பின்னணியில் தெருவின் எதிர்ச்சாரியிலிருந்து படமெடுக்குமாறு, தமிழ் வாசகர்களுக்காக எழுதப்பட்ட ஒரு கட்டுரையின் ஆசிரியர் பரிந்துரைத்திருக்கிறார். அந்தக் கோணம் அழகானதுதான். ஆனால் அதோடு திரும்பிவிடுவது பெரிய இழப்பு. கடலைத் தூர்ப்பதற்கு முன்பு அந்தத் தெருவே கடற்கரையாக இருந்தது என்பதையும், சீனாவின் ஃபூஜியன் பகுதியிலிருந்து கடல் கடந்து உயிரோடு வந்திறங்கிய ஹொக்கியன் மக்கள் கடல் தெய்வமான மாட்ஸுவுக்கு நன்றி செலுத்தவே 1839 முதல் 1842 வரை இக்கோயிலை எழுப்பினார்கள் என்பதையும் அறிந்துகொண்டு பார்த்தால், கேமராவை எங்கே திருப்ப வேண்டும் என்பது தானாகவே புலப்படும்.

கருங்கல் தூண்களைச் சுற்றிப் படர்ந்திருக்கும் டிராகன்களின் செதில்களையும், கதவுகளில் தீட்டப்பட்ட காவல் தெய்வங்களையும், ஆணியின்றி ஒன்றோடொன்று பொருத்தப்பட்ட கூரை மரங்களையும் அருகே நின்று எடுங்கள். கோயில் கிழக்கும் தெற்கும் சேர்ந்த திசையை நோக்கியிருப்பதால் முகப்புக்குக் காலை வெளிச்சமே ஏற்றது. உயரமான வாசற்படியை மிதிக்காமல் தாண்டிச் செல்லுங்கள். ஊதுபத்தி ஏந்தி வேண்டுபவர்களின் முகத்துக்கு நேராக, குறிப்பாக ஃபிளாஷ் போட்டு, படமெடுப்பதைத் தயவுசெய்து தவிருங்கள். அது இன்றும் வழிபாடு நடக்கும் இடம்.

அதே தெருவில், சற்றுத் தள்ளி, தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828-1830இல் கட்டிய நாகூர் தர்கா நிற்கிறது. நம் தமிழ் வாசகர்களுக்கான அந்தக் கட்டுரையில் இந்தத் தர்காவைப் பற்றி ஒரு வரியேனும் இருந்திருக்க வேண்டும்.