முதுகில் பை இருக்கும்போது

ஆண்டுதோறும் செப்டம்பர் வந்துவிட்டால் எங்கள் ஊர்த் துப்பாக்கிப் பயிற்சித் திடலில் இடம் கிடைப்பது அரிது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எல்க் மானுக்கான ரைஃபிள் பருவம் அக்டோபரில் தொடங்குவதால், பல மாதங்களாகப் பெட்டிக்குள் கிடந்த துப்பாக்கிகளை எடுத்து வந்து, மேசையில் மணல்மூட்டை மீது கிடத்தி, நூறு கஜத்தில் நான்கைந்து தோட்டாக்களைச் சுட்டு, துளைகள் எல்லாம் ஓர் அங்குலத்துக்குள் விழுந்திருப்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு மனநிறைவோடு வீடு திரும்புகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை நானும் அப்படித் திரும்பியவன்தான். அந்த மேசையில் நான் ஒரு தடவைகூட முதுகுப்பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததில்லை. மலையிலோ, கூடாரத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து இருட்டும் வரை அந்தப் பை என் முதுகை விட்டு இறங்குவதில்லை.

இந்தியாவில் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்துபோன விஷயம் என்பதால், இதை வாசிக்கும் நண்பர்கள் பலருக்கு முகம் சுளிக்கும். இங்கே கொலராடோவில் எத்தனை உரிமங்கள், எந்தப் பகுதிக்கு, ஆணுக்கா பெண்ணுக்கா என்பதை மாநில வனவிலங்குத் துறை முடிவு செய்கிறது. 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று இல்லாமல் கொலராடோவில் உரிமம் வாங்க முடியாது. வேட்டை சரியா தவறா என்பதை வேறொரு நாள் பேசுவோம். சுடுவது என்று ஆகிவிட்டால் விலங்கு அலைக்கழியாமல் ஒரே தோட்டாவில் முடிய வேண்டும் என்பதை இரு தரப்பினரும் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். நான் எழுத வந்ததும் அதைப் பற்றித்தான்.

ஃபிளாட் டாப்ஸ் வனப்பகுதியில், சுமார் 10,500 அடி உயரத்தில், அக்டோபர் மாதக் காலைப்பொழுது ஒன்றில் நடந்தது இது. கூடாரத்தை இடம் மாற்றிக்கொண்டிருந்ததால் முதுகில் இருபத்திரண்டு கிலோ இருந்தது. ஆஸ்பென் மரங்கள் இலையுதிர்த்து நின்ற சரிவைக் கடந்து ஸ்ப்ரூஸ் காட்டுக்குள் நுழையும் இடத்தில், நூற்றிருபது கஜத்தில் ஒரு பிணை எல்க் (பெண் மான்) பக்கவாட்டில் நின்று எங்களைப் பார்த்தது. என்னிடம் இருந்ததும் பிணைக்கான உரிமமே. துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்தேன்; வைத்த இடத்தில் தோள் இல்லை, பையின் வார் இருந்தது. அடிக்கட்டை அந்தப் பஞ்சுப் பட்டையில் பதியாமல் வெளிப்புறமாக வழுக்கியது. மறுபடி இழுத்து அழுத்திக்கொண்டு ஸ்கோப்புக்குள் (துப்பாக்கி மேல் மாட்டிய குறிநோக்கிக்குள்) பார்த்தால் காட்சியின் ஒரு பக்கத்தைக் கறுப்புப் பிறை மறைத்துக்கொண்டிருந்தது. அது விலகும் வரை கழுத்தை முன்னால் நீட்டினேன். விலகியதும் விசையை இழுத்துவிட்டேன். ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் அடித்ததுதான் அடுத்து நினைவில் இருக்கிறது. உடன் வந்த நண்பர் கைநிறையப் பனியை அள்ளி என் நெற்றியில் அழுத்திப் பிடித்தார். பிறகு இரண்டு மணி நேரம் அந்தச் சரிவு முழுக்கத் தேடினோம். விலங்கின் ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லை, முடிக்கற்றை இல்லை, குளம்புத் தடங்கள் நேராகச் சீராகச் சென்றிருந்தன. முழுதாகத் தவறியது என் அதிருஷ்டம். வயிற்றில் பட்டிருந்தால் இந்தப் பதிவை எழுதும் துணிச்சல் எனக்கு வந்திருக்காது.

வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தபோது மர்மம் ஏதும் இருக்கவில்லை. கடையில் வாங்கும் ரைஃபிள்களில் அடிக்கட்டையின் முனையிலிருந்து விசை வரை பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலத்தையொட்டி இருக்கும். பையின் வாரும் குளிர்ச்சட்டையும் சேர்ந்து அதை முக்கால் அங்குலமாவது நீட்டிவிடுகின்றன. ஸ்கோப்பிலிருந்து கண் ஏறத்தாழ மூன்றரை அங்குலத் தொலைவில் இருந்தால்தான் காட்சி முழுதாகத் தெரியும். அடிக்கட்டை முன்னால் தள்ளப்படும்போது ஸ்கோப்பும் சேர்ந்து முன்னால் போய்விடுவதால் கண் பின்தங்கிவிடுகிறது. அதை ஈடுகட்டக் கழுத்தை நீட்டினால் கன்னம் கட்டையில் உறுதியாகப் பதிவதில்லை. துப்பாக்கி உதைக்கும்போது கெட்டியான தோள் அதை உடனே தடுத்து நிறுத்தும். பஞ்சு வைத்த வாரோ முதலில் நசுங்கி இடம் கொடுக்கும், அந்த இடைவெளியில் ஸ்கோப் புருவத்தை வந்து தொட்டுவிடுகிறது.

நிலைக்கு நிலை தொல்லையும் மாறுகிறது. குப்புறப் படுத்தால் பையின் மேல்முனை தொப்பியின் பின்பக்கத்தில் இடித்து, தலையை நிமிர்த்தி ஸ்கோப்பைப் பார்க்கவே விடாது. சரிவில் உட்கார்ந்தால் சுமை பின்னால் இழுக்கும். மேட்டைப் பார்த்து உட்கார்ந்தால் மல்லாக்கச் சாய்க்கும். நின்று சுடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: இறுகிய இடுப்பு வாருக்கு மேலே, அந்த உயரத்து மெல்லிய காற்றில், ஒவ்வொரு மூச்சுக்கும் பை முழுவதும் ஏறி இறங்குகிறது.

கல்லூரியில் என்.சி.சி. முகாமில் புள்ளி இருபத்திரண்டு துப்பாக்கியால் இருபத்தைந்து கஜத்தில் குப்புறப் படுத்துச் சுட்டபோது எங்களிடம் மூச்சை அடக்கு, விசையைப் பிடுங்காதே என்றெல்லாம் சொன்னார்கள். முதுகில் சுமையோடு சுடுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அங்கே அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

இதைக் கேட்டதும் அனுபவசாலிகள் சொல்வது ஒன்றே: பையைக் கழற்றிப் போடு, துப்பாக்கியை அதன் மேல் வைத்துச் சுடு. நல்ல அறிவுரைதான். திறந்த வெளியில், விலங்கு நம்மைக் காணாமல் மேய்ந்துகொண்டிருக்கும்போது, கிடத்திய பையின் மீது முன்கட்டையை வைத்துப் படுத்துச் சுடுவதைவிட உறுதியான நிலை மலையில் கிடைக்காது. ஆனால் இதையே எல்லா இடத்துக்குமான விதியாகச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. அடர்ந்த காட்டில் எல்க் நமக்குத் தரும் நேரம் நான்கு விநாடியாக இருக்கலாம். மார்பு வார், இடுப்பு வார் இரண்டின் பக்கிள்களும் சடக்கென்று திறக்கும் ஓசை அமைதியான காலையில் வெகுதூரம் கேட்கும். பையைப் போட்டுவிட்டு விலங்கின் பின்னால் இருநூறு கஜம் போனவருக்கு, முதலுதவிப் பெட்டி, செயற்கைக்கோள் கருவி, தலைவிளக்கு எல்லாம் அந்தப் பையிலேயே தங்கிவிட்டன என்பது இருட்டும்போதுதான் உறைக்கும். கொலராடோவில் கடைசியாக அறியப்பட்ட கிரிஸ்லி கரடி 1979இல் கொல்லப்பட்டதால் எங்களுக்குக் கிரிஸ்லியைப் பற்றிய கவலை இல்லை. மொன்டானாவிலும் வயோமிங்கிலும் கரடியை விரட்டும் தெளிப்பானைப் பையின் இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டு திரிபவர்கள், பையைக் கழற்றும்போது அதையும் சேர்த்துக் கழற்றுகிறோம் என்பதை யோசிக்க வேண்டும். தெளிப்பான் உடம்போடு இருக்கும் அரைக்கச்சையில்தான் இருக்க வேண்டும்.

(பையைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. ரைஃபிள் பருவத்தில் இடுப்புக்கு மேல் குறைந்தது 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடை அணிய வேண்டும் என்பது கொலராடோ சட்டம். பெரிய பை அந்த மேற்சட்டையின் முதுகுப்பக்கத்தை முழுவதுமாக மறைத்துவிடுகிறது. நான் பைக்கும் தனியே ஓர் ஆரஞ்சு உறை போட்டுவிடுகிறேன்.)

ஆகவே என் கருத்து இதுதான்: பையோடு சுட்டுப் பழகாதவர், பை முதுகில் இருக்கும்போது உயிருள்ள ஒன்றை நோக்கி விசையைத் தொடக் கூடாது. பழகுவதற்கு எங்கள் திடல் உதவாது. மேசையை விட்டு எழுந்து சுட அங்கே அனுமதி இல்லை. அதனால் ஆகஸ்டிலேயே பொது நிலத்தில், அனுமதி உள்ள இடமாக, பின்னால் மண்மேடு இருக்கும் இடமாகப் பார்த்துப் போய்விடுகிறேன். இந்தியக் கடையில் வாங்கும் இருபது பவுண்டு சோனா மசூரி மூட்டைகள் இரண்டைப் பைக்குள் இறக்கினால் சுமை கிட்டத்தட்ட சரியாக வந்துவிடுகிறது. வேட்டையில் போடும் அதே குளிர்ச்சட்டை, மார்பில் அதே பைனாகுலர் உறை. மேட்டில் ஐம்பதடி ஏறி இறங்கி, மூச்சிரைக்கும்போதே உட்கார்ந்து சுடுவேன். மார்பு வாரை மட்டும் கழற்றிவிட்டால் வலப்பக்க வாரைத் தோளின் விளிம்புக்கு ஒதுக்கலாம், கழுத்தெலும்பை ஒட்டிய குழிவில் அடிக்கட்டை நேராக உட்காரும், சுமை இடுப்பிலேயே நிற்கும் என்பதை இப்படித்தான் கண்டுபிடித்தேன். மார்பு வாரின் கொக்கியை ஒரே கையால் ஓசையில்லாமல் திறக்க ஒரு வாரம் பழக வேண்டியிருந்தது. ஸ்கோப்பையும் குளிர்ச்சட்டையோடு மாட்டிப் பார்த்து அரை அங்குலம் பின்னால் நகர்த்திக்கொண்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும், மேசையில் ஓர் அங்குலத்துக்குள் விழும் என் தோட்டாக்கள் பையோடு உட்கார்ந்து சுடும்போது நூறு கஜத்தில் ஆறு அங்குலத்துக்குப் பரவுகின்றன. எல்க் மானின் நெஞ்சுக்கூட்டில் நம்பிக் குறிவைக்கக்கூடிய பகுதி சுமார் ஓர் அடி அகலம் என்று வைத்துக்கொண்டால், பையோடு என் எல்லை நூற்றைம்பது கஜம். சென்ற ஆண்டு ஓடையின் எதிர்க்கரையில் ஒரு பிணை வந்து நின்றபோது, தொலைவுமானி இருநூற்றுப் பத்து கஜம் என்று காட்டியது. பையைக் கழற்றத் தொடங்கினேன். இடுப்பு பக்கிளில் கை வைத்ததுமே அது தலையைத் தூக்கிப் பார்த்தது, பிறகு அவசரமே இல்லாமல் மரங்களுக்குள் நடந்து போயிற்று. பக்கிளை மறுபடி மாட்டிக்கொண்டு நானும் மேட்டில் ஏறத் தொடங்கினேன்.