கதவு அல்ல, விசாதான் தடை

வெளிநாட்டில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஆளுக்கொரு வீட்டில் அடைபட்டிருப்பதால் சங்கமாகச் சேரவே முடியாது என்று ஒரு கட்டுரை சொல்கிறது. என்னால் இதை ஏற்க முடியவில்லை. லெபனானைப் பாருங்கள். அங்கே 1946ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டுவேலை செய்பவர்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. கஃபாலா என்ற ஸ்பான்சர் முறையில் அவர்களுடைய விசா, அங்கே தங்கும் உரிமை எல்லாம் முதலாளியின் கையில். பாஸ்போர்ட்டையும் பல வீடுகளில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படியிருந்தும் 2015 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலங்கை, நேபாளம், எத்தியோப்பியா, பிலிப்பைன்ஸ் என்று பல நாட்டுப் பெண்கள் பெய்ரூட்டில் கூடிச் சங்கம் தொடங்கினார்கள். அந்த ஒரு நாள் விடுப்புகூடப் பலருக்குக் கிடையாது, அதையும் யோசியுங்கள். தொழிலாளர் அமைச்சகம் உடனே சட்டவிரோதம் என்றது. அப்புறம் 2016 டிசம்பரில், முன்னணியில் நின்ற நேபாளப் பெண் ஒருவரைப் பிடித்து நாடு கடத்தினார்கள். சேர முடியாமல் இல்லை, சேர்ந்தவர்களை விரட்டினார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் பழி அந்தப் பெண்கள் மேலேயே விழுகிறது.

சரி, அங்கேதான் அப்படி என்றால் நாம்? வீட்டுப் பணியாளர்களுக்குச் சங்க உரிமை தரும், ஐஎல்ஓ என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கைக்கு 2011இல் ஆதரவாக ஓட்டுப் போட்ட இந்தியா, அதற்கு இன்னும் ஒப்புதல் தரவில்லை.